கவியாவேசம் எங்கிருந்து வருகிறது?

கவி பாடும் ஆற்றல் ஒருவனுக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், நம்மவரிற் பெரும்பாலோர் தயக்கமின்றிக் கூறும் விடை ஒன்று உண்டு. அஃது அருள் என்பதே. காளிதாசன் நாவிலே காளி எழுதினாள். குமரகுருபரர் ஐந்தாண்டு வரை ஊமையாக இருந்து திருச்செந்தூரில் வாய் திறந்தார். திருவரங்கத்து மடைப்பள்ளியிலே பரிசாரகனாக இருந்த ஒருவன், திருவானைக்காவில் அம்மையின் தாம்பூலத்தை வாயில் ஏற்றுக் காளமேகம் ஆனான். இக்கதைகளைப் பாட்டிமார் வாயிலாகவும் மேடைப் பிரசங்கிகள் வாயிலாகவும் கேளாத தமிழர் இரார். ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற நம் போன்றாருக்கோ, இதே கதை வேறோர் உடையில் வந்து சேர்ந்தது. அங்கே தாம்பூலம் இல்லை. அதற்குப் பதிலாக அபினியும் கனவும் இருந்தன.

இவை வெறும் கதைகள்தாமே, இருந்துவிட்டுப் போகட்டுமே என்று சிலர் கூறலாம். நாம் அங்ஙனம் விட்டுவிட ஒருப்படோம். தோட்டத்திலே, பழைய கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் நான்கு வரி எழுதி வைத்திருக்கும் இளைஞனைக் கண்டு, இதைப் பத்திரிகைக்கு அனுப்பலாகாதா என்று கேட்டால், “நமக்கெல்லாம் அது எங்கே ஐயா வரும்? அதற்குப் பிறவியிலேயே இருக்கவேண்டும்” என்கிறான். பட்டணத்திலே, பத்துப் பாட்டு அச்சேறிய ஒருவரைக் கண்டு, மூன்றாம் அடியில் தளை தட்டுகிறதே, மாற்றலாகாதா என்று கேட்டால், “வந்தபடி எழுதினேன், வந்ததில் கை வைக்க மாட்டேன்” என்கிறார். முன்னவன் எழுதாமற் போனதற்கும் பின்னவர் திருத்தாமற் போனதற்கும் காரணம் ஒரே நம்பிக்கைதான். ஆகவே அந்த நம்பிக்கையைச் சிறிது சோதித்துப் பார்ப்பது வீண் வேலையாகாது.

முதலில் அபினிக் கதையை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலக் கவிஞர் கோலரிட்ஜ் (1772–1834) எழுதிய ‘குப்ளா கான்’ என்னும் பாட்டு மொத்தம் 54 அடிகளே கொண்டது. 1816-ஆம் ஆண்டில் அதை அச்சிட்டபோது அவரே அதற்கு ஒரு முன்னுரை வரைந்தார். 1797-ஆம் ஆண்டில் உடல்நலம் குன்றித் தனித்ததொரு பண்ணைவீட்டில் தங்கியிருந்ததாகவும், மருந்தாக உட்கொண்டதன் மயக்கத்தால் நாற்காலியிலேயே உறங்கிவிட்டதாகவும், அவ்வுறக்கத்திலே இருநூறு முந்நூறு அடிகள் யாதொரு முயற்சியுமின்றித் தாமே அமைந்ததாகவும் அதிற் கூறினார். விழித்தெழுந்து ஆவலோடு எழுதிக்கொண்டிருக்கையில், போர்லாக் என்னும் ஊரிலிருந்து யாரோ ஒருவர் அலுவலாக வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தி வைத்துவிட்டாராம். திரும்பி வந்து பார்த்தால், சிதறிய எட்டுப் பத்து அடிகள் நீங்கலாக எஞ்சியதெல்லாம் மறைந்துபோயிற்றாம். இம்முன்னுரை பாட்டைக் காட்டிலும் பெரும் புகழ் எய்திற்று. போர்லாக்கிலிருந்து வந்தவர் என்றால், நல்ல வேளையில் வந்து காரியத்தைக் கெடுப்பவர் என்று ஆங்கிலத்தில் பொருள் வழங்கலாயிற்று.

ஆயின் 1934-ஆம் ஆண்டில், கோலரிட்ஜ் தம் கைப்பட எழுதிய பிரதியொன்று பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. இன்று அது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதன் அடியிலும் அவர் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். அதில் அபினி உண்டு. ஆனால் உறக்கம் இல்லை, ஒருவகை மனமயக்கம் என்றே குறிக்கிறார். போர்லாக்கிலிருந்து வந்த அந்த மனிதர் அங்கே இல்லவே இல்லை. அதனினும் முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. அப்பிரதிக்கும் அச்சான பாட்டுக்கும் பாடம் வேறுபடுகிறது. மதில் வளைத்த நிலத்தின் அளவு மாறியிருக்கிறது. மலையின் பெயர் மாறியிருக்கிறது. கனவிலே முழுதாக வந்து இறங்கிய பாட்டுக்கு, விழித்திருந்து பாடம் திருத்தியவர் யார்? கோலரிட்ஜ்தாம். காதுக்கும் கருத்துக்கும் ஒவ்வாததை மாற்றி, ஒத்ததை வைக்கும் தொழிலை அவர் செய்திருக்கிறார். அதைச் சொல்ல வெட்கப்பட்டு ஒரு கனவைச் சொன்னார் போலும்! அவர் வாழ்ந்த காலத்தில், உழைத்து எழுதினேன் என்பதைவிட, தானே வந்தது என்பதற்கே மதிப்பு மிகுதி.

அந்தக் கனவுக்குள் இருந்த பொருள்கள் யாவை என்பதையும் ஒருவர் தேடிப் பார்த்திருக்கிறார். லோஸ் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1927-இல் வெளியிட்ட பெரிய நூலொன்றில், கோலரிட்ஜ் படித்த புத்தகங்களையும் எழுதிவைத்த குறிப்பேட்டையும் வரிவரியாக ஆராய்ந்தார். குப்ளா கானின் மாளிகை, பர்ச்சாஸ் தொகுத்த பழைய யாத்திரை நூலிலிருந்து வந்தது. உறங்குமுன் அதைத்தான் படித்துக்கொண்டிருந்ததாகக் கோலரிட்ஜே ஒப்புக்கொள்கிறார். நிலத்தைப் பிளந்துகொண்டு பொங்கும் ஊற்று, பார்ட்ரம் என்பவர் அமெரிக்கக் காடுகளிற் கண்டு எழுதியதை ஒத்திருக்கிறது. அபிசீனியாவின் வாடை, நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்ற புரூஸின் நூலிலிருந்து வீசுகிறது. இத்தனை நூல்களையும் படித்திராத ஒருவனுக்கு அதே அளவு அபினியைக் கொடுத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? நல்ல உறக்கம் கிடைத்திருக்கும்.

கோலரிட்ஜின் நண்பர் வோர்ட்ஸ்வொர்த்தை நாமெல்லாம் பள்ளியில் மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறோம். தனியே மேகம்போல் திரிந்தபோது மஞ்சட் பூக்களைக் கண்டதாகப் பாடிய பாட்டு அது. உண்மையில் 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 15-ஆம் நாள் அப்பூக்களைக் கண்டபோது அவர் தனியே இல்லை. தங்கை டாரதி கூட நடந்தார். அப்பூக்களை வியந்து நாட்குறிப்பில் எழுதிவைத்தவரும் அவ்வம்மையே. கவிஞர் பாட்டை இயற்றியது ஈராண்டு கழித்து, அச்சிட்டது 1807-இல், அதற்குப் பின்னும் 1815-இல் ஒரு பத்தியைப் புதிதாகச் சேர்த்தார். தங்கையின் குறிப்பைப் பற்றி நமக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. பூவை மட்டும் வரையச் சொன்னார்கள்.

நிற்க. உள்ளத்தில் திடீரென ஓர் எழுச்சி பிறப்பதே இல்லை என்று நாம் வாதிக்க வரவில்லை. அது பிறக்கிறது, எழுதிப் பழகியவர் யாவரும் அறிவர். ஆனால் பால்மரத்தில் கோடு கிழித்த கணத்திலே பால் வடிகிறது என்பதால், பால் அக்கணத்திலே உண்டாயிற்று என்று எந்தத் தொழிலாளியும் சொல்ல மாட்டான். கத்தி படுமுன் மரம் ஆறேழு ஆண்டு நிலத்தில் நின்று வளர்ந்திருக்க வேண்டும். நம் புலவர் கதைகள் கத்தி பட்ட கணத்தை மட்டும் கூறி, மரம் வளர்ந்த ஆண்டுகளை மறைத்துவிடுகின்றன.

காளமேகத்தையே பார்ப்போம். அவர் பேரில் வழங்கும் தனிப்பாடல்களே தாம்பூலக் கதைக்கு எதிர்ச்சாட்சி கூறுகின்றன. ஒரே சொற்றொடரில் இரு பொருள்களைப் பொருத்திக் காட்டும் சிலேடைகள், ஒரே இனத்து மெய்யெழுத்தை வைத்துக்கொண்டு முழுப் பாட்டையும் முடிக்கும் வித்தை முதலியவை நிகண்டைக் கரைத்துக் குடித்தவன் செய்யக்கூடியன. ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள், ஓரெழுத்தே சொல்லாய் நிற்குமிடம் எவ்வெவை, எந்தச் சொல்லைப் பிரித்தால் வேறு பொருள் தோன்றும் என்பன நாவில் ஊறிக் கிடந்தால்தான் கேட்ட மாத்திரத்தில் பாட முடியும். அவர் யாரிடம் கற்றார், எத்தனை இரவு விழித்தார் என்பதைக் கதை சொல்லவில்லை. மடைப்பள்ளியிற் சோறு வடித்தவன் நிகண்டு கற்றான் என்று ஒப்புக்கொள்வதைவிட, அம்மை துப்பினாள் என்று சொல்வது அக்காலத்துப் பெரியோர்க்கு எளிதாயிருந்தது போலும். இஃது நம் ஊகமே. எனினும் ஏழைக்கு அறிவு வந்தால் அதற்குத் தெய்வத்தைப் பொறுப்பாக்கும் வழக்கம் நம் நாட்டில் புதியதன்று.

இதற்கு மாறாக, லயத்திலே சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் மூதாட்டியைப் பற்றி எவரும் இத்தகைய கதை கட்டியதில்லை. இறந்தவன் பெயரையும், அவன் வெட்டிய மரத்தையும், விட்டுப்போன பிள்ளைகளையும் அந்த இடத்திலேயே பாட்டில் கோத்து, எதுகை பிறழாமல், இரவு முழுதும் பாடுகிறாள். அவளுக்கு அம்மை தாம்பூலம் தந்தாள் என்று யாரும் கூறவில்லை. ஏனெனில் அவள் தன் தாய் பாடியதையும் அத்தை பாடியதையும் கேட்டுக் கேட்டுக் கற்றாள் என்பது லயம் முழுவதற்கும் தெரியும். கற்ற இடம் தெரிந்தால் அது வெறும் பழக்கம், தெரியாவிட்டால் அருள்! இந்த அளவுகோலின் நேர்மையை வாசகரே சீர்தூக்கிக்கொள்க.

பாட்டுக்கு மட்டுமன்று, கணக்குக்கும் இக்கதை உண்டு. எழுதுகோலும் பேரேடுமாகக் காலம் தள்ளும் நம் போன்ற கிராணிகளுக்கு நெருங்கியவர் ஒருவர் இருக்கிறார். 1912-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள், சென்னைத் துறைமுகத்தின் கணக்குப் பகுதியில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார் இராமானுஜன். அடுத்த ஆண்டு சனவரியில் அவர் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு எழுதிய கடிதமும், 1914-இல் கடல் கடந்து சென்றதும், 1918-இல் ராயல் சொசைட்டியின் அங்கத்தினரானதும், 1920-இல் முப்பத்திரண்டாம் வயதில் இறந்ததும் யாவரும் அறிந்தவை. நாமகிரித் தாயார் கனவில் தோன்றிச் சூத்திரங்களை எழுதிக் காட்டினாள் என்று அவர் நம்பினார். அவரது பக்தியை நாம் எள்ளப் போவதில்லை. அஃது அவர் சொந்த விஷயம். ஆனால் அவரைப் பற்றி மேடையில் பேசுவோர் நாமகிரியோடு நிறுத்திக்கொள்வதே நமக்குக் குறையாகப் படுகிறது.

பள்ளி மாணவராயிருந்தபோது கார் என்பவர் தொகுத்த கணிதப் புத்தகம் ஒன்று அவர் கைக்கு வந்தது. அதில் ஆயிரக்கணக்கான முடிவுகள் இருந்தன. அவற்றை மெய்ப்பிக்கும் வழி பெரும்பாலும் இல்லை. அவற்றை ஒவ்வொன்றாகத் தாமே மெய்ப்பித்துப் பார்க்கப் புகுந்தார். அதனால் மற்றப் பாடங்களைக் கைவிட்டுக் கல்லூரித் தேர்வில் தவறி, உபகாரச் சம்பளத்தையும் இழந்தார். காகிதம் வாங்கப் பணமின்றிச் சிலேட்டில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். வழி அழிந்து முடிவு மட்டும் எஞ்சியதால், பார்ப்பவர்க்கு அது வானத்திலிருந்து விழுந்ததுபோல் தோன்றிற்று. அழிக்கப்பட்ட அச்சிலேட்டுகளே நாமகிரிக் கதையின் பாதி என்பது நமது துணிபு. அன்றியும், ஹார்டிக்கு அனுப்பியவற்றுள் பகா எண்களைப் பற்றிய முடிவுகளிற் பிழை இருந்தது. பிழை செய்வது மனித மூளைக்கு இயல்பு. தெய்வத்தின்மேல் அப்பிழையை ஏற்றுவதைப் பக்தர்களும் விரும்பார்.

ஆக, உள்ளெழுச்சி என்பது பிறந்த இடம் ஒருவாறு தெரிகிறது. இனி, அது மிக்கிருந்தால் வெற்றி தானே வந்துவிடுமா என்ற வினா எஞ்சி நிற்கிறது. இவ்வினாவுக்கு, தமிழுலகில் நாம் அறிந்தவரை, திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை.

பிள்ளையவர்கள் 1815-இல் பிறந்து 1876-இல் மறைந்தார். அவர் மாணவர் உ. வே. சாமிநாதையர் எழுதி 1933-இல் வெளிவரத் தொடங்கிய சரித்திரத்தைப் படிப்போர்க்கு, கவிதை வெள்ளம் என்ற சொல் வெறும் உபசாரமன்று என்பது விளங்கும். அவர் சொல்லிக்கொண்டே போவார்; மாணவர் ஏட்டில் எழுதிக்கொண்டே போவார்; எழுதுவோர் கைதான் ஓயுமேயன்றிச் சொல்வோர் வாய் ஓயாது. வந்தவர்களோடு பேச்சு, இடையிலே பாட்டு, மறுபடியும் பேச்சு. விட்ட இடத்தைப் படிக்கச் சொல்லிக் கேளாமலே அடுத்த செய்யுள். இருபதுக்கு மேற்பட்ட தலபுராணங்களும், அந்தாதி, கோவை, உலா, பிள்ளைத்தமிழ் என எண்ணற்ற பிரபந்தங்களும் இவ்வாறு பிறந்தன.

இதுவும் தாம்பூலக் கதையாகத் திரிந்திருக்கும். நல்லவேளையாக ஐயர் உண்மையை எழுதிவைத்தார். தந்தையே முதல் ஆசிரியராக இருந்து நிகண்டும் இலக்கணமும் பழக்கினார். புத்தகம் கிடைப்பது அரிதான காலமாதலால், ஏடு உள்ள இடம் தேடிச் சென்று படியெடுத்துப் படித்தார். தண்டியலங்காரம் தெரிந்த பரதேசி ஒருவர் தெருத்தெருவாகப் பிச்சை எடுத்து வந்தபோது, அவர் பின்னாலேயே அலைந்து, அவருக்கு வேண்டியன செய்து, அந்நூலைப் பாடங்கேட்டார். பிச்சைக்காரர் பின்னே நடந்து அணியிலக்கணம் கற்ற அந்த இளைஞரை நினைக்கும்போது, திருவானைக்காத் தாம்பூலம் நமக்கு மிகச் சிறியதாகத் தோன்றுகிறது.

இத்தனை கல்வியும், இத்தனை ஊற்றும் இருந்து, அவர் பாட்டுகளை இன்று படிப்பவர் யாவர்? சேக்கிழார் பிள்ளைத்தமிழைச் சுவைப்போர் சிலர் உளர். தலபுராணங்களோ, அந்தந்த ஊரார்கூடத் திறந்து பாராத நிலையில் உள்ளன. ஆங்கிலம் படித்த செருக்கால் நாம் இவ்வாறு கூறுவதாக எவரும் எண்ணவேண்டா. பாட்டில் குறைவில்லை, சொல்லில் வறுமையில்லை. எதைப் பாடுவது என்பதை அவர் தெரிந்தெடுக்கவில்லை என்பதே குறை. மடமும், கோயிலைச் சார்ந்த செல்வரும் கேட்டார்கள், அவர் பாடினார். நாட்டுச் சிறப்பு, நகரச் சிறப்பு, தீர்த்தச் சிறப்பு என்று அச்சு முன்பே வார்க்கப்பட்டிருந்தது. ஊற்று அவருடையது, வாய்க்கால் பிறர் வெட்டியது. கடன் தொல்லையோடு வாழ்ந்த புலவர் வேறென் செய்வார் என்று கேட்பது நியாயமே. அதனால் நாம் அவரைக் குற்றம் கூறவில்லை. பஞ்சமும் கொள்ளை நோயும், ரெயிலும் அச்சுப்பொறியும் கண்ட ஒரு நூற்றாண்டில் வாழ்ந்த அத்துணைப் பெரிய கவிஞரின் வெள்ளத்திலே அந்த நூற்றாண்டின் ஒரு துரும்புகூட அதிகம் மிதக்கவில்லை என்பதைக் கண்டு வருந்துகிறோம்.

அவர் நண்பர் வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீபாக இருந்தவர். நண்பரைப் போல வெள்ளமாய்ப் பாடும் திறம் அவருக்கு இல்லை. எனினும் கதையை வசனத்தில் எழுதலாம் என்று துணிந்து, 1879-இல் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை வெளியிட்டார். அதன் நடையிலும் அமைப்பிலும் நமக்குப் பல ஆட்சேபங்கள் உண்டு. நீதி உபதேசம் கதையின் கழுத்தைப் பல இடங்களில் நெரிக்கிறது. ஆயினும் தமிழ் நாவல் என்றால் அதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. இன்றும் பதிப்பிக்கிறார்கள், படிக்கிறார்கள்.

மாணவர் சாமிநாதையரின் வரலாறு இன்னும் வியப்பானது. 1880-இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரிடம், தாம் பாடங்கேட்ட அந்தாதிகளையும் கோவைகளையும் புராணங்களையும் ஐயர் அடுக்கிச் சொன்னார். முதலியார் அவற்றால் சிறிதும் வியப்படையாமல், இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது 1887-இல் வெளிவந்த சீவகசிந்தாமணிப் பதிப்பு. பின்னர்ச் சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை. ஏட்டோடு ஏட்டை ஒப்பிட்டு, சிதைந்த எழுத்தை ஊகித்து, மேற்கோளைத் தேடி ஆண்டுக் கணக்கில் உட்கார்ந்த வேலை அது. அதில் ஆவேசத்துக்கு இடம் குறைவு. ஆனால் ஆசிரியர் வாய்ச்சொல்லை ஓட்டமாக எழுதிப் பழகிய காதும் கையும் இல்லாதிருந்தால், அந்த வேலையும் நடந்திராது. கிழப்பருவத்தில் 1940 முதல் ஆனந்த விகடனில் அவர் எழுதி, 1942-இல் இறந்தபோது முற்றுப்பெறாது நின்ற ‘என் சரித்திரம்’ ஒன்றே போதும். ஆசிரியரின் அத்தனை புராணங்களையும்விட அதிகமான தமிழரை அது ஆசிரியரிடம் கொண்டு சேர்த்திருக்கிறது. கேட்டதை, கண்டதை, உண்டதை உள்ளபடி எழுதியதற்கு அந்த வெற்றி கிடைத்தது.

நம் மலாயா மண்ணிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. நம்மவர் அதைப் போதிய அளவு நினைப்பதில்லை. 1950-ஆம் ஆண்டில் ‘தமிழ் நேசன்’ பத்திரிகையிலே சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ ஒன்றை நடத்தினார்கள். சிறுகதை எழுதுவது எப்படி என்பதைப் பாடமாகப் பத்திரிகையில் அச்சிட்டு, வாசகரிடமிருந்து பயிற்சிகளைப் பெற்று, மதிப்பிட்டுத் தரம் பிரித்தார்கள். கதை எழுதுவதைத் தையல்போல், தச்சுவேலைபோல் கற்பிக்க முடியும் என்று நினைத்ததே பெரிய துணிவு. அவ்வகுப்பிலிருந்து வந்தவர்கள் பிற்காலத்தில் இந்நாட்டுத் தமிழ் எழுத்தின் முன்வரிசையில் நின்றார்கள். ஒரே அச்சில் வார்த்த கதைகள் பெருகும் என்று அஞ்சுவோர்க்கு, அச்சும் இல்லாமல் கதையும் இல்லாமல் இருந்த நிலையைவிட அது மேல் என்பதே நமது விடை.

இன்று அத்தோட்டங்கள் பல இல்லை. பால்மரக்காடு செம்பனையாயிற்று, லயத்தார் பலர் பட்டணத்து அடுக்குமாடிகளில் குடியேறிவிட்டார்கள். பெரட்டுக் களத்துப் பேச்சும், ஒப்பாரியும், தாத்தாமார் சொன்ன கப்பற்கதையும் அறிந்தவர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். இதுதான் நம் சேமிப்பு. கோலரிட்ஜுக்குப் பர்ச்சாஸின் நூல் எப்படியோ, நமக்கு இவை அப்படி. கதை வகுப்புப் போன்றதொன்றை மீண்டும் எந்தப் பத்திரிகையேனும் தொடங்குமாயின், முதற் பயிற்சியாகக் கதை எழுதச் சொல்லாமல், தம் வீட்டு முதியவர் வாயிலிருந்து கேட்ட இருபது சொற்களைப் பொருளோடு எழுதி அனுப்பச் சொல்வது நன்று என்பது நமது கருத்து. அதே இருபது சொற்களை அடுத்த வாரம் மற்றொரு முதியவரிடம் கேட்டுத் திருத்தி அனுப்பச் சொல்வது இரண்டாம் பயிற்சியாகலாம். கதை மூன்றாம் வாரம் வரட்டும்.